கொல்லிமலையிலிருந்து உலகக்கோப்பைக்கு: கையில் டிக்கெட் இருந்தால் மட்டும் போதுமா?

காரவள்ளியைத் தாண்டியதும் பேருந்தின் சத்தமே மாறிவிடும். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி என்று சமவெளியில் சௌகரியமாக ஓடிவந்த வண்டி, அடிவாரத்துச் சோதனைச்சாவடியைக் கடந்து மேலே திரும்பும்போது முதல் வளைவு வந்துவிடும். அங்கிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் பத்து வளைவுகளைக் குழந்தைகள் சத்தம் போட்டு எண்ணும். முப்பதுக்கு மேல் எண்ணுகிற குரல் குறையும். எலுமிச்சம்பழத்தை முகர்கிற மூக்குகள் கூடும். அறுபதைத் தாண்டினால் காற்று குளிர்ந்துவிடும். சாலையோரத்து சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருப்பது கண்ணில் படும்.

மேலே வந்துவிட்டால் பலாப்பழமும் அன்னாசியும் மலைவாழையும் விற்கிற சோளக்காட்டுச் சந்தை. அதற்கப்பால் செம்மேடு. கடையேழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரிக்குச் சிலை வைத்திருக்கும் ஊர். கொல்லிமலைக்கு வருகிறவர்கள் இங்கிருந்து அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாய கங்கை அருவிக்கும், மாசிலா அருவிக்கும் பிரிந்து போவார்கள்.

ஆனால் சுற்றுலாப் பயணிகள் அதிகம் கவனிக்காத விஷயம் ஒன்று இந்த மலையின் ஊர்ப்பெயர்களில் இருக்கிறது. வாழவந்திநாடு, வளப்பூர்நாடு, சேளூர்நாடு, குண்டூர்நாடு, அரியூர்நாடு, தேவனூர்நாடு, திண்ணனூர்நாடு... மலையில் மொத்தம் 14 ஊராட்சிகள். 'நாடு' என்பதுதான் இங்கே ஊராட்சியின் பெயர். மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களின் பழைய நிர்வாகப் பிரிவு அது. (கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள் சொல்வார்கள்.) சேளூர்நாட்டுப் பெண் வளப்பூர்நாட்டுக்குக் கல்யாணமாகிப் போவாள். அரியூர்நாட்டு மிளகு செம்மேட்டுக் கடைக்கு வரும். காலையில் ஒரு நாட்டில் காபி, மதியம் இன்னொரு நாட்டில் சாமைச் சோறு. நாடு விட்டு நாடு போக இங்கே பேருந்துக் கட்டணம் இருந்தால் போதும்.

இப்படி ஒரு நாட்டில் பிறந்து வளர்ந்த இளைஞர் ஒருவர், கால்பந்து உலகக்கோப்பை ஆட்டம் ஒன்றை நேரில் பார்க்க ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆசைப்படுவதில் தப்பில்லை. செல்போனில் மெஸ்ஸியைப் பார்க்காத மலைக்கிராமம் இன்றைக்கு ஏது? பணம் சேர்த்தாகிவிட்டது, இணையத்தில் குலுக்கலில் டிக்கெட்டும் விழுந்துவிட்டது. "டிக்கெட்தான் கையில இருக்குதுங்களே சார், அப்புறம் என்னங்க?" என்று அவர் கேட்டால், பதில் கொஞ்சம் நீளமானது. எழுபது வளைவு இறங்கினால் மலைதான் முடியும். காகிதங்களின் வளைவுகள் அதற்கப்புறம்தான் ஆரம்பம்.

அப்பா பெயரில் கூப்பிடும் விமான நிலையம்

முதல் வேலை பாஸ்போர்ட். அஞ்சல் அலுவலகங்களோடு சேர்ந்த பாஸ்போர்ட் சேவை மையங்கள் வந்தபிறகு இது எவ்வளவோ எளிதாகிவிட்டது. சேலத்திலேயே ஒரு மையம் உண்டு. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், அவசரம் என்றால் தட்கலில் கூடுதலாக 2,000 ரூபாய். காவல்துறைச் சரிபார்ப்பு சொந்த ஊரிலேயே நடந்துவிடும்.

பிறந்த தேதிக்கு ஆதாரம் கேட்பார்கள். வீட்டிலேயே பிரசவம் நடந்த காலத்து ஆட்கள் பலரிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்காது. அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. 2023 அக்டோபர் 1-ம் தேதியும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குத்தான் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஆதாரம் என்று 2025-ல் விதி வந்திருக்கிறது. முன்னால் பிறந்தவர்கள் பள்ளி மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பான் அட்டை போன்றவற்றையும் காட்டலாம். ஒரே நிபந்தனை, எல்லாவற்றிலும் தேதி ஒன்றாக இருக்க வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் குத்துமதிப்பாக எழுதிய ஜூன் மாதமும், ஆதாரில் ஏறிய ஜனவரி 1-ம் தேதியும் நேருக்கு நேர் மோதும் இடம் பாஸ்போர்ட் கவுன்ட்டர்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல் பெயர். தமிழர்களுக்கென்றே வாய்த்த சிக்கல் இது. எஸ்.முருகேசன் என்றால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் புரியும். அப்பா பெயர் 'எஸ்'-ல் ஆரம்பிக்கிறது, அவ்வளவுதான். பாஸ்போர்ட் விண்ணப்பம் இனிஷியலை ஏற்காது. அப்பா பெயரை முழுதாக விரித்து, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போட வேண்டும். முருகேசன், செல்வராஜ் என்று இரண்டு கட்டங்களும் நிரம்பும். அதற்கப்புறம் விமான நிலையத்தில் "மிஸ்டர் செல்வராஜ்" என்று அப்பாவைக் கூப்பிடுவார்கள். மகன் கையைத் தூக்க வேண்டும். இதில் வேடிக்கை தவிர நஷ்டமில்லை.

நஷ்டம், குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விடுகிறவர்களுக்கு. 2022 நவம்பர் 21-ம் தேதி, கத்தார் உலகக்கோப்பை தொடங்கிய மறுநாள், ஐக்கிய அரபு அமீரகம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்றார்கள். தோஹாவில் அறை கிடைக்காமல் துபாயில் தங்கி, ஆட்ட நாளன்று விமானத்தில் போய்த் திரும்புகிற ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் இருந்த நேரம் அது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் சரி என்று பிறகு தளர்த்தினார்கள். ஆனாலும் அந்தச் சில நாட்களில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். அமெரிக்க விசாவிலும் ஒற்றைப் பெயர் இருந்தால் 'முதல் பெயர் தெரியவில்லை' என்று பொருள்படும் மூன்று எழுத்துகளைச் சேர்த்து அச்சடித்துவிடுவார்கள். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயருக்கு முன்னால், பெயர் தெரியாதவர் என்ற பட்டம்!

விமான டிக்கெட், ஆட்ட டிக்கெட், விசா, பாஸ்போர்ட் நான்கிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும், அதைக் கண்டுபிடிக்கிறவர் எப்போதும் புறப்பாட்டு கவுன்ட்டரில் இருப்பவராகத்தான் இருப்பார்.

பத்தாம் வகுப்பு என்ற எல்லைக்கோடு

பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அதில் 'ஈ.சி.ஆர்.' என்று குறித்திருக்கிறார்களா என்பதை. குடிபெயர்வுச் சோதனை தேவை என்பது அதன் பொருள். பத்தாம் வகுப்பு தேறியவர்கள், வருமான வரி செலுத்துகிறவர்கள், 18 வயதுக்கு உட்பட்டவர்கள், 50 வயதைக் கடந்தவர்கள் போன்றோருக்கு இந்தக் குறிப்பு வராது. பத்தாம் வகுப்பைத் தாண்டாமல் தோட்ட வேலைக்கோ, திருப்பூர் பக்கத்துக்கோ போய்விட்ட மலைக்கிராமத்து இளைஞருக்கு வரும்.

1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி வந்த ஏற்பாடு இது. படிப்புக் குறைந்தவர்களை ஏஜென்ட்டுகள் ஏமாற்றி வளைகுடாவில் மாட்டிவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் கொண்டுவந்தார்கள். கத்தார், சவுதி அரேபியா, குவைத், ஓமன், அமீரகம், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். ஆட்டம் பார்த்துவிட்டு வரச் சுற்றுலாவாகப் போகிறவருக்கு இந்த அனுமதி தேவையில்லை. ஆனால், சுற்றுலா என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறாரோ என்ற சந்தேகம் குடியுரிமைச் சோதனை அதிகாரிக்கு வருவதைத் தடுக்க முடியாது. திரும்பிவரும் விமான டிக்கெட், தங்குமிட முன்பதிவு, செலவுக்குப் பணம் இருக்கும் ஆதாரம் என்று எல்லாவற்றையும் அச்செடுத்துக் கையில் வைத்திருப்பது நல்லது. பக்கத்து வரிசையில் நிற்கும் பட்டதாரி அதே ஆட்டத்துக்கு, அதே விமானத்தில் கேள்வியே இல்லாமல் போய்விடுவார். கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

கத்தார் உலகக்கோப்பையில் இதன் இன்னொரு பக்கமும் தெரிந்தது. அங்கே வேலை பார்க்கும் தமிழர்கள் கத்தார்வாசிகள் என்ற கணக்கில் வந்தார்கள். முதல் சுற்று ஆட்டங்களுக்குக் கத்தாரில் வசிப்பவர்களுக்கு மட்டும் 40 ரியாலுக்கு டிக்கெட் இருந்தது. ஊரிலிருந்து போகிற ரசிகர் லட்சங்களில் செலவழித்துப் பார்த்த அதே ஆட்டத்தை, தோஹாவில் வேலை செய்யும் தொழிலாளி ஒரு வேளை பிரியாணிச் செலவுக்குக் கொஞ்சம் மேலே கொடுத்துப் பார்க்க முடிந்தது. விடுப்பு கிடைத்தால்!

வீட்டுக்காரர் வைத்ததுதான் சட்டம்

உலகக்கோப்பைக்கு என்று நிரந்தரமான நுழைவு விதி எதுவும் கிடையாது. டிக்கெட் விற்பது ஃபிஃபா. கதவைத் திறப்பது போட்டி நடத்தும் நாடு. இரண்டும் வேறு வேறு ஆட்கள் என்பதை மறக்கிறவர்கள்தான் பணத்தை இழக்கிறார்கள்.

2014-ல் பிரேசில், டிக்கெட் வைத்திருந்த ரசிகர்களுக்குக் கட்டணமில்லாமல் விசா கொடுத்தது. 2018-ல் ரஷ்யா இன்னும் ஒருபடி மேலே போனது. டிக்கெட் வாங்கியவர்கள் 'ஃபேன் ஐடி' என்ற அடையாள அட்டைக்குப் பதிவு செய்துகொண்டால் போதும், விசாவே வேண்டாம். ஆட்டம் நடக்கும் நகரங்களுக்கு இடையே சிறப்பு ரயில்களில் இலவசப் பயணம். போட்டி முடிந்தபிறகும் அந்த வருடக் கடைசி வரை அதே அட்டையை வைத்து மறுபடியும் வரலாம் என்று நீட்டித்தார்கள்.

2022-ல் கத்தார் அதையே 'ஹய்யா' என்று வைத்தது. ஆட்ட டிக்கெட், பாஸ்போர்ட், தங்குமிட விவரம் மூன்றையும் பதிவு செய்தால் செல்போனிலேயே அனுமதி வந்துவிடும். அதுவே விசா, அதுவே மைதானத்துக்கான இரண்டாவது சாவி, அதுவே மெட்ரோ ரயிலில் இலவச பாஸ். ஆனால் நவம்பர் 1 முதல் டிசம்பர் 23 வரை, ஹய்யா இல்லாத வெளிநாட்டுப் பார்வையாளர் யாரும் நாட்டுக்குள் வர முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். மகனைப் பார்க்கப் போக நினைத்த அம்மாவும் காத்திருக்க வேண்டியதுதான். முதல் சுற்று முடிந்ததும் டிசம்பர் 2 முதல் டிக்கெட் இல்லாதவர்களும் ஹய்யா எடுத்து வரலாம் என்று கொஞ்சம் திறந்துவிட்டார்கள்.

இந்த இரண்டு போட்டிகளையும் பார்த்துவிட்டு, டிக்கெட் இருந்தால் விசா தானாக வரும் என்று பலர் நம்பிவிட்டார்கள். 2026 அந்த நம்பிக்கையை உடைத்தது.

அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என்று மூன்று நாடுகள், 16 நகரங்கள், 48 அணிகள், 104 ஆட்டங்கள். ஜூன் 11-ல் மெக்சிகோ சிட்டியில் தொடக்கம், ஜூலை 19-ல் நியூ ஜெர்சியில் இறுதியாட்டம். இதற்கு ஃபேன் ஐடியும் இல்லை, ஹய்யாவும் இல்லை. வழக்கமான சுற்றுலா விசாதான். டிக்கெட் வாங்கியவர்களுக்கு நேர்காணல் தேதி சீக்கிரம் கிடைக்கும்படி 'ஃபிஃபா பாஸ்' என்ற ஏற்பாட்டை 2025 நவம்பரில் அறிவித்தார்கள். வரிசையில் முன்னால் நிறுத்துவதோடு அதன் வேலை முடிந்துவிடும். உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரி.

டிஎஸ்-160 என்ற இணையப் படிவத்தில் ஐந்து ஆண்டுகளாகப் பயன்படுத்தும் சமூக வலைதளக் கணக்குகள் வரை எழுத வேண்டும். கட்டணம் 185 டாலர். விசா கிடைக்காவிட்டாலும் திரும்பி வராது. பிறகு கைரேகை, அதன்பின் சென்னையில் அண்ணா சாலையில் இருக்கும் துணைத் தூதரகத்தில் நேர்காணல். 2025 செப்டம்பரிலிருந்து, முன்பு விலக்கு பெற்றிருந்த 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் 79 வயதைக் கடந்த பெரியவர்களும்கூட பொதுவாக நேரில் வர வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். தாத்தா, பேரன் என்று குடும்பத்தோடு கிளம்ப நினைக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

நேர்காணல் சில நிமிடங்கள்தான். அமெரிக்கச் சட்டப்படி, விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிட நினைப்பவர் என்றுதான் அதிகாரி தொடங்க வேண்டும். இல்லை, திரும்பிவிடுவேன் என்று நிரூபிப்பது விண்ணப்பதாரரின் பொறுப்பு. சென்னையில் ஐ.டி. வேலையில் இருப்பவர் சம்பளச் சீட்டைக் காட்டுவார். மலையில் ஒன்றரை ஏக்கரில் மிளகும் காபியும் வைத்திருப்பவர் என்ன காட்டுவார்? பட்டா, வங்கிக் கணக்கு, அறுவடைக்குத் திரும்பியாக வேண்டும் என்ற உண்மை. மிளகுக்காகத் திரும்பி வருவேன் என்பது சத்தியமான பதில்தான். கேட்கிறவருக்கு மிளகைப் பற்றித் தெரிந்திருந்தால் நல்லது.

மூன்று நாடு என்றால் மூன்று கதவு. கனடாவில் நடக்கும் ஆட்டத்துக்கு இந்தியர்கள் கனடா விசா தனியாக எடுக்க வேண்டும். மெக்சிகோ மட்டும் கொஞ்சம் தாராளம். செல்லுபடியாகும் அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் இருந்தால் அங்கே சுற்றுலாவாகப் போகத் தனி விசா கேட்பதில்லை. விசா கிடைக்காமல் போய் டிக்கெட்டைத் திருப்பி விற்க நினைத்தால், ஃபிஃபாவின் மறுவிற்பனைத் தளத்தில் விற்பவரிடம் 15 சதவீதம், வாங்குபவரிடம் 15 சதவீதம் கழித்துக்கொள்வார்கள். சோளக்காட்டுப் பலாப்பழத் தரகர்கூட இரண்டு பக்கமும் இவ்வளவு வாங்க மாட்டார்.

ஆனாலும் இந்திய ரசிகர்களுக்குக் கதவாவது இருக்கிறது. ஈரானும் ஹைட்டியும் இந்த உலகக்கோப்பைக்குத் தகுதி பெற்ற அணிகள். 2025 ஜூனில் அமெரிக்கா அறிவித்த பயணத் தடைப் பட்டியலில் இரண்டு நாடுகளும் இருக்கின்றன. வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் விலக்கு உண்டு. ரசிகர்களுக்கு இல்லை. 1974-க்குப் பிறகு முதல்முறையாகத் தங்கள் அணி உலகக்கோப்பையில் ஆடுவதை, ஊரிலிருக்கும் ஹைட்டி ரசிகர் தொலைக்காட்சியில்தான் பார்க்க முடியும்.

சைக்கிளில் போனவரை நிறுத்திய எல்லை

எல்லாக் காகிதமும் சரியாக இருந்தும் கதவு மூடலாம். கேரளத்தைச் சேர்ந்த கணித ஆசிரியர் கிளிஃபின் பிரான்சிஸின் 2018 பயணம் அதற்கு உதாரணம். மெஸ்ஸியைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. மாஸ்கோவுக்கு விமான டிக்கெட் எடுக்க வசதியில்லை. துபாய் வரை விமானத்தில் போய், அங்கே ஒரு சைக்கிள் வாங்கி, கப்பலில் ஈரானுக்குப் போய், அங்கிருந்து மிதித்தார். ஈரான் முடிந்து அஜர்பைஜானும் கடந்து ஜார்ஜியா எல்லைக்குப் போனபோது, உள்ளே விட முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவரிடம் இருந்ததோ அஜர்பைஜானுக்குள் ஒரே ஒருமுறை நுழைவதற்கான விசா. அதைத்தான் பயன்படுத்தி முடித்தாயிற்றே! முன்னாலும் போக முடியாது, பின்னாலும் திரும்ப முடியாது. இரண்டு நாடுகளுக்கும் நடுவில், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில் ஒரு நாள் நின்றார். அவசர விசா கொடுத்து அஜர்பைஜான் மறுபடி ஏற்றுக்கொண்டது. வேறு வழியாக ரஷ்யாவுக்குள் போய்ச் சேர்ந்தார். ஜூன் 26-ல் மாஸ்கோவில் நடந்த பிரான்ஸ் - டென்மார்க் ஆட்டத்துக்குத்தான் அவரிடம் டிக்கெட் இருந்தது. மெஸ்ஸி அதில் ஆடவில்லை.

ஒருமுறை நுழைவா, பலமுறை நுழைவா என்று விசாவில் எழுதியிருக்கும் ஒரு வார்த்தையைப் பலரும் படிப்பதே இல்லை. இரண்டு நாடுகளில் ஆட்டம் பார்க்கத் திட்டமிடுகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடிக் காலம் மிச்சமிருக்க வேண்டும் என்பது பெரும்பாலான நாடுகளின் விதி.

இன்னொன்று ஊசி. அடுத்த பெண்கள் உலகக்கோப்பை 2027 ஜூன் 24 முதல் ஜூலை 25 வரை பிரேசிலில். அங்கே போய்விட்டு இந்தியா திரும்புகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பது நம் அரசுதான். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னால் போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். சொந்த நாட்டுக்குள் நுழையவும் காகிதம் வேண்டியிருக்கிறது!

நம் வாசலும் மற்றவர்களுக்கு எளிதில்லை. 2023-ல் கிரிக்கெட் உலகக்கோப்பை இந்தியாவில் நடந்தபோது பாகிஸ்தான் அணிக்கே விசா தாமதமாகத்தான் வந்தது. அந்த நாட்டு ரசிகர்களில் பெரும்பாலோருக்கு வரவேயில்லை.

மலையின் பழைய காவல்காரி

கொல்லிமலைக்கும் ஒரு நுழைவுக் காவல் இருந்ததாகச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. கொல்லிப்பாவை என்ற பெண் உருவம். தெய்வம் செய்து வைத்த பாவை என்பார்கள். மலைக்குத் தீங்கு செய்ய வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கும், அந்தச் சிரிப்பில் மயங்கி நெருங்கியவர் உயிரோடு திரும்ப மாட்டார் என்பது கதை. எட்டுக்கை அம்மன் கோயிலில் இருப்பது அந்தப் பாவைதான் என்று மலை மக்கள் கும்பிடுகிறார்கள். விசா கவுன்ட்டரில் சிரித்த முகத்தோடு மறுப்புச் சீட்டைத் தருகிறவர்களுக்கு இவள் மூத்தவள்.

அதே மலையை ஆண்ட ஓரியிடம் பாணர்களும் புலவர்களும் வந்தபோது யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. பாட்டோடு வந்தார்கள், பரிசோடு இறங்கினார்கள். ஒரே அம்பில் பல விலங்குகளைத் துளைத்த வில்லாளி என்று அவனைப் பற்றி வன்பரணர் பாடியிருக்கிறார். ஆடிப் பதினெட்டை ஒட்டி, ஆகஸ்ட் முதல் வாரத்தில் செம்மேட்டில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டியும் உண்டு. அமெரிக்காவில் இறுதியாட்டம் தொடங்கும் நேரம் இங்கே ஜூலை 20 நள்ளிரவு 12.30 மணி. அதற்கு இரண்டு வாரம் கழித்து, அம்பு எய்வதைப் பார்க்க மலையேறுகிறவர்களிடம் பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வந்த இ-பாஸ்கூட இங்கே கிடையாது. பிளாஸ்டிக் பையும் மது பாட்டிலும் வேண்டாம் என்பதுதான் மலையின் வேண்டுகோள். அதையும் மீறிக் கொண்டுவருகிறவர்கள் விட்டுச்செல்லும் குப்பை ஆகாய கங்கைப் படிகளில் கிடக்கிறது. உள்ளே விடுவதற்கு நிபந்தனை வைக்கிற வீட்டுக்காரர்களின் மனசு அந்தப் படிகளில் ஏறி இறங்கும்போது கொஞ்சம் புரியும்.

2030 உலகக்கோப்பையை ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ மூன்றும் சேர்ந்து நடத்துகின்றன. 2034 சவுதி அரேபியாவில். ஈ.சி.ஆர். பட்டியலில் இருக்கும் 18 நாடுகளில் அதுவும் ஒன்று. இன்று கொல்லிமலையின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு அப்போது 18 வயது ஆகியிருக்கும். நடுவில் பத்தாம் வகுப்பு வரும். அந்த மதிப்பெண் பட்டியலில் ஏறுகிற பெயரும் தேதியும்தான் ஆயுளுக்கும் கூட வரப்போகிறவை. தேர்வுக்கு முன்னால் பள்ளியில் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கக் கூப்பிடுவார்கள். அன்றைக்கு அப்பாவோ அம்மாவோ தோட்ட வேலையை அரை நாள் விட்டுவிட்டு, பக்கத்து நாட்டுக்குப் பேருந்து பிடித்துப் போய், இனிஷியல் எப்படி விரிந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.